வெள்ளிக்கிழமைக் குப்பை

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் எல்லோரும் இரண்டு விஷயங்களுக்குப் பயந்தார்கள். ஒன்று தீ. மற்றொன்று, லட்சுமி கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவாளோ என்பது. தீ வராமல் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். லட்சுமி போகாமல் முதலாளியே பார்த்துக்கொண்டார். எங்கள் இருவர் கவலையும் கடைசியில் ஒரே இடத்தில், துடைப்பத்தில் வந்து நின்றது. மற்ற நாட்களில் எங்களுக்குள் தகராறு இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ரசாயனப் பட்டத்தோடு மதுரையிலிருந்து வந்து அங்கே சேர்ந்தேன். சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில், உடைமரமும் பொட்டலுமாகக் கிடந்த வெளியில் எட்ட எட்ட நின்ற ஒற்றை அறைகள்தான் கம்பெனி. என் வேலைக்குப் பெயர் கிடையாது. லைசென்ஸோடு வந்த விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்து இது கூடும், இது கூடாது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. கூடும் என்று சொல்லும்படி அதில் அதிகம் இல்லை. பெண்கள் எனக்கு முன்னால் என்னைச் சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கூடாது சார்’ என்றார்கள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்கள்.

விதிகள் இன்னும் மனப்பாடம். இரும்பு உள்ளே வரக் கூடாது. கொண்டை ஊசி வாசலில் கழற்றப்பட வேண்டும். தீப்பெட்டி, பீடி காவலாளியின் தகரப் பெட்டியில் கிடக்க வேண்டும். அறையின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கதவுக்கு எதிரே ஒரு வாளி கூட நிற்கக் கூடாது. வெடிமருந்து அள்ள மரக்கரண்டி, சலிக்கப் பித்தளைச் சல்லடை. அன்றைக்கு வேண்டிய மருந்து மட்டும் அறையில் இருக்கலாம். பெண்களின் கால் மெட்டியைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. உலோகம் என்று நான் வாயைத் திறந்த அன்று, குழாய் சுற்றுகிற ஒரு பெண், “எம் புருசன் உசுரோட இருக்கான் சார், கொஞ்சம் பாத்துப் பேசுங்க” என்றாள். வெள்ளி அவ்வளவு எளிதில் பொறி தெறிக்காது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், வெகுகாலம் கழித்து, தொழிற்சாலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பலகையில் ஐந்து ஜப்பானியச் சொற்களை எழுதினார். வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துடை, அதையே விதியாக்கு, விதியை விடாதே. நானும் எழுதிக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது. வேண்டாததை எந்தக் கிழமையில் கழிப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கலவை அறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்து மருந்தாகும் இடம் அது. நாள் முழுக்கச் சலித்துக் கலந்தால் தரையில் ஒரு சாம்பல் நிறப் படலம் படியும். வேலை முடிந்ததும் அதைத் தென்னை நார்த் தூரிகையால் உள் மூலையிலிருந்து வாசலை நோக்கிக் கூட்ட வேண்டும். கூட்டியதை அன்றைக்கே வெளியே எடுத்துப்போய், எல்லைக்கு அப்பால் உள்ள குழியில் காயக் காயத் தூவி, தூரத்தில் நின்று எரித்துவிட வேண்டும். முடியாவிட்டால் தண்ணீர்த் தொட்டியில் முழுக்க மூழ்கடிக்க வேண்டும். ஒன்று நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லை நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். ராத்திரி அறைக்குள் தங்கக் கூடாது. புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டிருந்த இடம் இதுதான்.

அந்த அறையைக் கூட்டுவதற்கென்று ஓர் அம்மா இருந்தார். மல்லாங்கிணறுப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர். மழை இல்லாத ஒரு வருஷம் அவர் கணவர் கொழும்புக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. மகள் ஒருத்தி எங்கள் கம்பெனியிலேயே வேறு அறையில் திரி வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி வேண்டாமென்று அனுப்பிய ஆளை அடுத்த கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லி உள்ளே போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆக, காட்டை விட்டு வந்த பிறகு அந்த அம்மாவுக்கு இருந்தது அந்தத் தூரிகை மட்டும்தான்.

நன்றாகக் கூட்டுவார். அவசரம் கிடையாது, தூசி எழும்பாது. கூட்டி முடித்த தரையில் குனிந்து கன்னத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிராக ஒரு கண்ணால் பார்ப்பார். எங்காவது மினுங்கினால் மறுபடி கூட்டுவார். நான் பார்க்க வேண்டியதை அவரே பார்த்துவிடுவதால் எனக்கு அங்கே வேலை குறைவு.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கூட்டிக் குப்பையை வெளியே தள்ளக் கூடாது, தள்ளினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முதலாளி அதைக் கம்பெனிக்கும் கொண்டுவந்திருந்தார். மற்ற நாட்களில் கண்டும் காணாமல் இருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். வேலை நடக்கும் எல்லைக்குள் விளக்கே கிடையாது. ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும். வாசலுக்கு வெளியே இருந்த ஆபீஸில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு. அதைக் காவலாளி ஏற்றியதும் கம்பெனி முழுக்க விளக்கு வைத்ததாகக் கணக்கு.

வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. பொழுது இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். தீபாவளிச் சீசனில் ஆர்டர் மேல் ஆர்டர் வரும், அறையை விட்டு ஆள் வெளியே வரும்போது இருட்டிவிடும். அப்படிப்பட்ட முதல் வெள்ளிக்கிழமையில் அந்த அம்மா கூட்டிய மருந்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது முதலாளி ஆபீஸிலிருந்து இறங்கி நடந்தே வந்துவிட்டார்.

“ஏத்தா, எங்கன கொண்டு போற?”

“எரிக்கிற குளிக்குத்தான் மொதலாளி.”

“வெளக்கு வச்சாச்சுல்ல. வெள்ளியும் அதுவுமா எவளாச்சும் கூட்டி வெளிய கொட்டுவாளா? திருப்பிக் கொண்டு போ.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் புத்தகம் சொல்வதைச் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். அவர் எப்போதும் பொறுமையாகக் கேட்பார்.

“சார், நீங்க படிச்சவுக. ஒங்க புத்தகத்துல வெள்ளிக்கெளமன்னு எங்கனயாச்சும் போட்டுருக்கா?”

“இல்லை அண்ணாச்சி.”

“இல்லேல்ல? அப்ப அது புத்தகத்துக்கு வெளிய உள்ள விசயம். அத நான் பாத்துக்கிடுதேன்.”

“அப்போ தண்ணித் தொட்டியிலயாவது முக்கி வைக்கச் சொல்லுங்க. தொட்டி எல்லைக்குள்ளதான் இருக்கு. வெளிய போகாது.”

அவர் முகம் மாறிவிட்டது. “லச்சுமிய தண்ணியில முக்கவா? நல்லா இருக்கே நீங்க சொல்றது.”

அவர் வியாபாரி. எந்தப் பேச்சையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிக்கிறவர். வரப்புத் தகராறாக இருந்தாலும் கல்யாணப் பேச்சாக இருந்தாலும் பாதிக்குப் பாதியில் முடிப்பார். அதனால் ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. இதையும் அப்படியே முடித்தார். மருந்து உள்ளேயே மூலையில் இருக்கட்டும். அது அவர் பக்கம். மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, பனைநார்க் கூடையைக் கவிழ்த்து மூடி வைக்கட்டும்; அது என் பக்கம். விடிந்ததும் முதல் வேலையாகக் குழிக்குப் போகட்டும்.

காய்ந்த மருந்து நெருப்புப் படாதவரை சும்மா கிடக்கும். மூழ்கிய மருந்து சும்மாவே கிடக்கும். பாதி நனைந்த அலுமினிய மருந்து சும்மா கிடக்காது. தனக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கிச் சூடேறும். உலகத்தில் இதைவிட மோசமான ஏற்பாட்டை ஒரு ரசாயனக்காரன் வேண்டுமென்றே யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இதை முதலாளியிடம் சொன்னேன். “பாதி தண்ணி தெளிச்சா பாதி ஆபத்து போயிரும்ல சார்” என்றார். கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது.

அப்படியே நடந்தது. வெள்ளிதோறும் நான் சொல்வேன், அவர் அதே பதிலைச் சொல்வார், அந்த அம்மா வாசலில் ஆரம்பித்து உள்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போவார். லட்சுமியை உள்ளே தள்ளுகிற திசை அது. சனிக்கிழமை காலை கூடையைத் தூக்கி, மருந்தை அள்ளிக் குழியில் கொட்டுவார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போகப் போக நான் சொல்வது முதலாளிக்கு ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும்தான்.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். “சார், கூடையத் தூக்குனா அடியில சுடு சோத்துப் பானை மாதிரி இருக்கு. மூக்க அரிக்கிற மாதிரி ஒரு நெடி வேற.”

ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் அதையே முதலாளி முன்னால் சொல்லச் சொன்னேன். சொன்னார். முதலாளி, “மளைக்காலம்ல. மூடி வச்சா எதுவும் கதகதன்னுதான் இருக்கும்” என்றார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “பயமா இருந்தா சொல்லிரு. வேற ஆளு பாத்துக்கிடுதேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மா, “பயம்லாம் இல்ல மொதலாளி” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். அதன் பிறகு சூட்டைப் பற்றி என்னிடமும் பேசவில்லை.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளில் வந்தேன். தூறல் விட்டிருந்தது. காவலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக உட்கார்ந்திருப்பவர்.

“கலவ ரூமு போச்சு சார்” என்றார். “விடியக் கருக்கல்ல. ஆளு யாருமில்ல.”

போய்ப் பார்த்தேன். ஓடுகள் இல்லை. கதவு ஒன்று வெளிப்பக்கமாகவே திறந்து, உடைமரத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே தரையும் சுவரும் வெள்ளையாகப் பூத்திருந்தன. மூலையில் கூடை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமோ வருத்தமோ எதுவும் வரவில்லை. பக்கத்து அறை வரைக்கும் நடந்து பார்த்தேன். அதன் சுவரில் கீறல் கூட இல்லை. இடைவெளி சரியாக இருந்தது. டேப் பிடித்து நான் அளந்த இடைவெளி. வாளிகளில் மணல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வேறு என்ன பார்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் வாளிகளைப் பார்த்தேன்.

முதலாளி வந்தார். முதலில், “ஆளுக?” என்றார். யாரும் இல்லை என்றதும் சாமி இருந்த திசையில் கும்பிட்டார். அடுத்து, “மத்த ரூமு?” என்றார். மூன்றாவதாகத்தான், “நேத்து யாரு கூட்டுனது?” என்றார். யார் கூட்டியது என்று அவருக்குத் தெரியும்.

பதினொரு மணி வாக்கில் மற்ற அறைகளில் வேலை ஆரம்பித்துவிட்டது. சீசன். லோடு போக வேண்டியிருந்தது. அந்த அம்மா சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் தூரிகை. தண்ணீர் குடிக்கப் போன பெண்கள் அன்றைக்குக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மகள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

தகவல் போய், இரண்டு நாளில் வெடிபொருள் ஆய்வாளர் வந்தார். நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, வாசலில் யாரும் சொல்லாமலேயே ஆணி அடித்த செருப்பைக் கழற்றினார். அப்போதே அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது. அறையைச் சுற்றி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். விரலால் சாம்பலைத் தொட்டு முகர்ந்தார். யார் கூட்டுவது என்று கேட்டார். அந்த அம்மாவைக் கூப்பிட்டோம். முதலாளி இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்.

“கூட்டின மருந்த ஏன் வெளிய கொண்டு போகல?”

“வெள்ளிக்கெளம சாமி. வெளக்கு வச்சாச்சு.”

“வச்சா?”

அந்த அம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “ஒங்க வீட்ல தள்ளுவாகளா சாமி?”

ஆய்வாளர் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, முதலாளிக்கும் கேட்கும்படி, “எங்க வீட்லயும் தள்ள மாட்டா” என்றார். “ஆனா எங்க வீட்ல மருந்து கலக்கறதில்ல. இந்த அம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல. சொன்னதச் செஞ்சிருக்கா. இனிமே எந்தக் கிழமையும் ராத்திரி மருந்து உள்ள தங்கக் கூடாது. தங்கினா லைசென்ஸ் இல்ல.” இளநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். முகத்தில் தூக்கமில்லை. “லைசென்சும் வேணும், லச்சுமியும் வேணும். ஒரு வளி சொல்லுங்க சார்.”

எதிரில் குத்துவிளக்கு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “விளக்கு வச்ச பிறகுதானே தள்ளக் கூடாது?” என்றேன். “தள்ளின பிறகு விளக்கு வைப்போம். குழியில எரிச்சாச்சுன்னு ஆள் வந்து சொன்ன பிறகு காவலாளி தீக்குச்சி உரசட்டும். அது வரைக்கும் பொழுது சாயலைன்னு வச்சுக்கிடலாம்.”

அவர் குத்துவிளக்கைத் திரும்பிப் பார்த்தார். வரப்புத் தகராறில் பாதிக்குப் பாதி கிடைத்தவர் மாதிரி முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் பொழுது சாய்வது குப்பையைப் பொறுத்தது. சீசனில் சில நாள் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் எல்லாம் விளக்கு எரியும், எங்கள் ஆபீஸ் மட்டும் இருட்டாகக் கிடக்கும். நான் இருந்தவரை அதுதான் நடைமுறை.

இதை முடித்துவிட்டு எழுந்தபோது அவர் சொன்னார்: “அந்தப் பொம்பளைக்கு மட்டும் கணக்க முடிச்சிருங்க.”

“ஆய்வாளரே தப்பு இல்லைன்னு சொல்லிட்டாரே அண்ணாச்சி.”

“தப்புன்னு யாரு சொன்னா? தப்பு செஞ்சிருந்தா திட்டிப்புட்டு வச்சிக்கிடுவேன். நம்ம ஆளுதான? இது ராசி சார். அவ கையிலருந்துதான லச்சுமி எரிஞ்சு போனா. அதுக்கு நான் என்ன செய்ய?”

விதிகளை எடுத்துச் சொன்னேன். எந்த விதியை மீறினால் எந்த நடவடிக்கை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ராசிக்கு என்னிடம் விதி இல்லை. குற்றத்துக்கு மேல்முறையீடு உண்டு, ராசிக்கு அதுவும் இல்லை. “மக இருக்கட்டும். அவ இன்னொரு ரூமு” என்று அவராகவே பாதி விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் அந்த அம்மா தூரிகைகளைத் தண்ணீரில் அலசி, நாரை நேர்செய்து, என் மேஜைக்குக் கீழே வரிசையாகப் படுக்க வைத்தார். நிமிர்த்தி வைக்கவில்லை, துடைப்பத்தை நிமிர்த்தி வைக்கக் கூடாது. “வாரேன் சார்” என்றார். நான் தலையசைத்தேன். அவர் நான்கைந்து கம்பெனி வாசல்களில் நின்று திரும்பியதாக மகள் பிறகு சொன்னாள். தீயைப் பற்றிய செய்தி அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போயிருந்தது.

அறையை மறுபடி கட்டினோம். தரையை முன்பைவிட வழவழப்பாகப் பூசினோம். புதிதாக ஒரு பெண் வந்தாள். தரையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பது அவளுக்கு வழக்கமில்லை; அதனால் அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தினமும் பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷம் தரை குளிர்ச்சியாக இருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சீசனில், லேபிள் வாங்கிவரத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். லட்சுமி வெடிக்கான லேபிள். தாமரையில் லட்சுமி படம். பொழுது சாய்ந்து, உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னாலும் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வெட்டிக் கழித்த தாள்களை ஒருவர் வாசலை நோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவசரமில்லாத கை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

“வாங்க சார். சௌக்கியமா இருக்கீகளா? எளைச்சிட்டீகளே.”

“நல்லா இருக்கேன்மா.” அவர் தள்ளிக்கொண்டிருந்த குவியலைப் பார்த்தேன். முழுக்க லட்சுமி. வண்ணம் நகர்ந்து, உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிய லட்சுமிகள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே” என்றேன்.

“இது கலர் ஒட்டாத லச்சுமி சார். போனாப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தள்ளினார். உள்ளே மெஷின் ஓட்டுகிறவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

“கலவ ரூமு இப்ப யாரு கூட்டுறா?”

“ஒரு புதுப் பொண்ணு.”

“வெள்ளிக்கெளம உள்ளாற பாத்தா, வெளிய பாத்தா?”

“வெளிய பாத்துத்தான். எரிச்சு முடிச்ச பிறகுதான் ஆபீஸ்ல விளக்கு வைப்பாங்க.”

“அப்படியா?” என்றார். “மக சொல்லவே இல்ல.” கொஞ்ச நேரம் தரையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அது வரவில்லை. “அம்புட்டுத்தானா சார்? வெளக்கத் தள்ளி வச்சாப் போதுமா? அப்ப நான் அங்கனயே இருந்திருக்கலாமே.”

லேபிள் கட்டு தயார் என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். வாங்கி, நனையாமல் சாக்கு சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டேன். கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மா உள்ளே போய் அடுத்த மூலையிலிருந்து ஆரம்பித்திருந்தார்.